ஒரு டிக்கெட்

ஔலுவில் நவம்பர் மாதம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் முடிந்து
கை ஈரம் காய்வதற்குள் ராத்திரி.
அறைக்குப் போய் என்ன செய்ய?
செவ்வாய்க்கிழமை தியேட்டரில் பாதி விலை.

"யுக்சி" என்றேன் கவுன்ட்டரில்.
ஒன்று.
போர்வை எண்ணுவதற்காக
வேலைக்கு வந்த முதல் வாரமே கற்ற சொல்.
ஒரேயொரு டிக்கெட் நான் வாங்கியதே இல்லை.
ஏழு வாங்குவோம், ஒன்பது வாங்குவோம்,
மடியில் ஒரு வாண்டை ஒளித்துக்கொண்டு போவோம்.
குரல் உள்ளேயே நின்றுவிட்டது போலும்,
கண்ணாடிக்குப் பின்னால் இன்கெரி மறுபடி கேட்டாள்.
இந்தத் தரம் சத்தமாகவே சொன்னேன்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
இதற்கா முப்பத்தெட்டு வருஷம்!

இருநூறு நாற்காலி, ஆறு பேர்.
நடுவில் பார்த்து உட்கார்ந்தேன்.
பனி உதிரும் தொப்பியோடு ஒருவர் வந்து
தன் டிக்கெட்டைக் காட்டினார்,
என் நாற்காலியைக் காட்டினார்,
நின்றார்.
சுற்றிலும் நூற்றுத் தொண்ணூற்று நான்கு காலி.
எனக்குள் ஒரு தெருச்சண்டையே நடந்து முடிந்தது.
பிறகு எழுந்து என் எண்ணைத் தேடிப் போனேன்.
தூண் ஓரம்.

மூன்றாம் வாரம் அந்தத் தூண் ஓரத்தில்
ஒரு பையன் கால் நீட்டிக் கிடந்தான்.
டிக்கெட்டைக் காட்டினேன். நின்றேன்.
மன்னிப்புக் கேட்டு எழுந்துகொண்டான்.
அன்றைக்கு என்ன படம் என்று கேட்காதீர்கள்.

திரையில் பிரெஞ்சு.
அடியில் இரண்டு வரி:
மேலே ஃபின்னிஷ், கீழே ஸ்வீடிஷ்.
மூன்றும் எனக்கு வெறும் ஓசை, வெறும் எழுத்து.
நடிகர் வாய் திறக்குமுன்னே
படித்தவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள்.
நான் கடைசியில் சிரிப்பேன்,
அல்லது சிரிக்கவே கூடாத இடத்தில்.
பிறகொரு நாள்
ஒருத்தி கதவைச் சாத்தினாள், மெதுவாக,
சத்தம் வராமல்.
வரிகள் எதுவும் ஓடவில்லை.
நானும் ஒருமுறை அப்படிச் சாத்தியிருக்கிறேன்.
அரங்கில் அன்று எனக்குத்தான்
முதலில் புரிந்தது.

உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் விற்பார்கள் அங்கே.
முதல் தடவை கைக்குட்டையில் துப்பினேன்.
மார்ச்சில் நானே ஒரு பொட்டலம் வாங்கினேன்.
பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.
நாக்கு கேட்டது.

தொப்பிக்காரர் ஒருநாள் அழுதார்.
திரையில் ஒரு கிழட்டு நாயை விற்றுக்கொண்டிருந்தார்கள்.
தோளைத் தொடப் போன கையை
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
விளக்கு வந்ததும் மூக்கைச் சீந்திவிட்டு
"தௌனோ," என்றார். "நான்காம் நம்பர் பஸ்."
ஐந்து மாதத்தில்
எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவே.
நான்காம் நம்பர் என் பக்கம் வராது.

ஏப்ரலில் படம் பாதியில் நின்றது.
கும்மிருட்டு.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம்,
பூஜை அறை போல அமர்ந்திருந்தார்கள்.
எங்கள் ஊரில் இந்நேரம்
கூரை பறந்திருக்கும்.
அண்ணன்மார் வாயில் விரல் வைத்து அடிப்பார்கள்,
நாங்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு
சிரிக்காத மாதிரி இருப்போம்.
என் இரண்டு விரல் எப்போது வாய்க்குப் போனது?
முதல் விசில் வெறும் காற்று.
இரண்டாவது
தூணில் பட்டுத் திரும்பி வந்தது.

அமைதி.
செத்தேன் என்று நினைத்தேன்.
நடு வரிசையிலிருந்து
கெட்டில் கொதிக்க ஆரம்பிப்பது போல
ஒரு மோசமான விசில்.
அப்புறம் இன்னொன்று.
கதவருகே டார்ச்சோடு வந்த இன்கெரி
யாரைத் திட்டுவதென்று தெரியாமல்
வெளிச்சத்தை மேற்கூரையில் அடித்தாள்.

படம் திரும்ப ஓடவில்லை.
ஆளுக்கொரு கூப்பன் கொடுத்து அனுப்பினார்கள்.
அது இன்னும் பர்ஸில் இருக்கிறது,
தேதி போன மாதம் முடிந்துவிட்டது.
அந்தப் பெண் ரயிலில் ஏறினாளா,
பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாளா,
தௌனோவுக்கும் தெரியாது.
ஒன்பது மணிக்கும் வெளிச்சமாயிருந்த தெருவில்
உதட்டில் விரலின் உப்போடு
நடந்தே வீட்டுக்குப் போனேன்.