ஒன்று நாற்பது

முதல் மனுவில் சூரியன் என்று எழுதியிருந்தேன்.
அதுதான் தப்பு.
ஹால்கிரீமுர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை.
"வெயிலை எந்தக் கணக்கில் எழுதுவது, ஸ்டெய்னுன்?"
என்று காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

கூலி உயர்வா கேட்டோம்?
பன்னிரண்டு மணிச் சாப்பாட்டை
ஒன்றரைக்குத் தள்ளுங்கள் என்றோம்.
இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் கிடந்தது
ஜனவரிக் கடைசியில்
முகட்டின் பள்ளத்தில் தலைநீட்டும்.
ஒன்று நாற்பதுக்கு வரும்,
இரண்டடிக்குமுன் போய்விடும்.
அந்நேரம் நாங்கள் ஜன்னலில்லாத கூடத்தில்
குழல்விளக்கின் கீழே
காட் மீனுக்கு முள் பிடுங்கிக்கொண்டிருப்போம்.
பசியைத் தள்ளிப்போடச் சம்மதித்து
முப்பத்தோரு கையெழுத்து.

"அவர் பாஷையில் எழுது" என்றாள் போஷெனா.
எழுதினேன்.
மதியத்துக்குமேல் தவறவிட்ட முட்கள்,
கத்தி பட்ட விரல்கள்,
பில்பாவோவிலிருந்து திரும்பிய பதினேழு பெட்டிகள்.
சூரியன் இருந்த இடமெல்லாம்
உற்பத்தித்திறன் என்று மாற்றினேன்.
ஒரு வாக்கியம்கூட இடறவில்லை.

"எல்லாம் சரி,
ஞாயிற்றுக்கிழமை பாருங்களேன், லீவுதானே?"
கிழமைக்குப் பெயர் வைத்ததோடு சரி,
அன்றைக்கும் மேகம்.

மூன்றாம் முறை மனுவை மாற்றவில்லை.
நேரத்தை மட்டும் கேட்டு வாங்கினேன்:
வியாழன், ஒன்று முப்பத்தைந்து.
அவர் அறை மாடியில். தெற்கே ஜன்னல்.

நாலாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.
அட்டவணைமேல் வந்து விழுந்தது,
மஞ்சளாய், மேசை நுனிவரைக்கும்.
கண்ணைச் சுருக்கி,
தலை நிமிராமல்,
கை நீட்டித் திரையை இழுத்துவிட்டார்.

பன்னிரண்டு பதில்கள் தயாராய் வைத்திருந்தேன்.
ஒன்றையும் சொல்லவில்லை.
கீழே கன்வேயர் ஓடும் சத்தம்.

அடுத்த வரிக்குப் போனவர் நின்றார்.
கயிறு இன்னும் கையில் இருந்தது.
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திரையைத் தூக்கினார்.
அதற்குள் மலைமேல்
நகக்கீற்றளவுதான் மிச்சம்.

"எத்தனை பேர் நீங்கள்?"
முதல் பக்கத்திலேயே இருக்கிறது.
"முப்பத்தொன்று."
"ஒரு வாரம். சோதனைக்குத்தான்."

திங்கள் பனி கொட்டியது.
செவ்வாய் கடல்வரை மூட்டம்.
வயிறு கூவ, மீன் தொட்டிகளுக்கிடையே நின்று
ஒன்றுமில்லாத மலையைப் பார்த்தோம்.
"மேகத்துக்கும் ஒரு மனு போட்டிருக்கலாம்"
என்றான் ரொஹேலியோ.

புதன்கிழமை வந்தது.
முதலில் ஐஸ்கட்டிகளில்,
பிறகு ரப்பர் பூட்ஸ்களில்.
போஷெனா கையுறையைக் கழற்றி
ஊறிச் சுருங்கிய பத்து விரலையும் விரித்து
மருதாணி காயவைப்பவள்போல நின்றாள்.
யாரும் பேசவில்லை.
சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கவே இல்லை.

வாரக் கடைசியில் ஒரு படிவம்.
அடைந்த பயன், எண்ணில்.
ஒன்பது நிமிடம் என்று எழுதினேன்.

பிறகு பயம் வந்து,
முள் கணக்கையும் சேர்த்தேன்.