பதினான்காவது ஆள்

பதின்மூன்று பேர். அதற்கு மேல் விதியில் இடமில்லை.
தடுக்க ஒன்பது, அடிக்க ஒருவன்,
பேஸுக்கு ஒருவனாய் ஓடக் காத்திருக்கும் மூவர்.
அம்பயர் கணக்கில் வரமாட்டார்.
ஓரத்தில் நின்று தொண்டை கிழியும் பயிற்சியாளர் வரமாட்டார்.
கோட்டுக்கு உள்ளே மேய்ந்தாலும்
பாதிரியார் வீட்டு ஆடு வராது.

சாந்தோ டொமிங்கோவுக்குக் கிழக்கே மூன்று மணி நேரம்,
பஸ் திரும்பிப் போகிற இடம் எங்கள் ஊர்.
வாரத்தில் ஆறு நாள்
சர்க்கரை ஆலை எடைமேடையில் நான் குமாஸ்தா.
ஞாயிறானால் ஸ்கோர் புத்தகம்.
இரண்டுக்கும் ஒரே பென்சில்.

அன்று எட்டாவது இன்னிங்ஸ். மூன்று பேஸிலும் ஆள்.
மைதானம் இதற்கு மேல் நிறையாது என்கிற
அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கும்.
மூட்டை கட்டி முடிச்சுப் போடுகிற மாதிரி
ஒருமுறை எண்ணிக்கொள்வேன்.
எண்ணினேன்.
பதினான்கு வந்தது.

மறுபடி.
புத்தகத்தில் ஆட்களுக்குப் பெயரில்லை, எண்தான்:
எறிகிற எலாதியோ ஒன்று,
குந்தி உட்கார்ந்து வாங்குகிற அவன் மச்சினன் இரண்டு,
இப்படியே போய்
இடது கோடியில் நெரேயோ ஏழு, நடுவில் எட்டு,
வலது கோடியில் நின்றுகொண்டே தூங்குகிற ஒன்பது.
நெரேயோவுக்கும் பின்னால்
கரும்பு தொடங்குகிற இடத்தில் ஒரு பையன்.
பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக்கி,
எறிகிற ஒவ்வொரு பந்துக்கும்
முழங்கால் வளைத்து ஆயத்தமானான்.
எத்தனை இன்னிங்ஸாக நிற்கிறானோ.
வெட்டுக்கூலிகளின் குடியிருப்பில் பிறந்தவன் போலிருந்தது.
ஹெய்த்தியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளை
எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதியதில்லை.

கத்தலாமா என்று யோசிப்பதற்குள்
மட்டையில் பட்டுவிட்டது.

பந்து நெரேயோவின் தலைக்கு மேல் போனது.
அவன் ஓடவில்லை, இடுப்பில் கைவைத்து வழியனுப்பினான்.
மூன்று பேர் ஓடிவந்து சேர்ந்தார்கள், அடித்தவனும் சேர்ந்தான்,
தொப்பிகள் பறந்தன,
பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.
அட்டைப்பெட்டியை உயர்த்திப் பிடித்தபடி
அவன் அவுட் கேட்டுக்கொண்டிருந்தான்.

சண்டை அரை மணி நேரம்.
அம்பயர் பெர்மின் என் மேஜைக்கு வந்தார்.
"எத்தனை பேர் இருக்கலாம்?"
"பதின்மூன்று."
"அப்படியென்றால் அவன் இல்லை. நான்கு ரன் எழுது."
"சரி, அவன் இல்லை.
பந்து யார் கையில் இருக்கிறது?"

கொண்டுவந்த மூன்றில் கடைசிப் பந்து அது.
இரண்டு அணியும் சேர்ந்து
இல்லாத ஒருவனைக் கெஞ்ச ஆரம்பித்தது.
போட்டுவிடுடா தம்பி, போட்டுவிடு.

அவன் இரண்டடி பின்வாங்கி எறிந்தான்.
கரும்போரத்திலிருந்து மச்சினனின் கையுறைவரை
எங்கும் தரை தொடவில்லை.
சத்தம் மட்டும் கொஞ்சம் தாமதமாய் எனக்கு வந்தது.
ஒரு வார்த்தை பேசவில்லை யாரும்.
எலாதியோ தன் தோளைத் தானே தடவிக்கொண்டான்.

நான்கு ரன் எழுதினேன்.
அதற்கு மேலே, சின்னதாய்,
பிடித்தவர்: பத்து.
அப்படி ஓர் எண் ஆட்டத்தில் கிடையாது.
அழிக்கவும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது,
இப்படித்தான் லீக் ஆபீஸில் சொல்வதாக இருக்கிறேன்.

திங்கட்கிழமை, வண்டிகளின் வரிசை.
ஏழாவது வண்டியில் கரும்புக் கட்டின் உச்சியில் அவன்.
"ஃப்ரிட்ஸ்னெல், இறங்கு" என்று அவன் அப்பா அதட்டினார்.
அப்போதுதான் பெயர் தெரிந்தது.
இருக்கட்டும் என்றேன்.
முள் ஆடி நின்றது.
வண்டியைக் கழித்தேன். மாடுகளைக் கழித்தேன்.
அவனைக் கழிக்கவில்லை.
எப்படியும் முப்பத்தெட்டு கிலோ இருப்பான்.
அந்த வாரக் கூலியில் அது கரும்பாகப் போய்ச் சேர்ந்தது.