மீன்பெட்டியில் வந்தது

வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி.
மூடியில் நீல மையில் ‘நகரை’ என்று எழுதியிருந்தது.
உள்ளே ஐஸுக்குப் பதில்
ஈரச்சாக்கு, ஒன்பது விலா எலும்புகள்,
கையளவு மூக்கையூர் மணல்.
ஏட்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு
டீ குடிக்கப் போனார்.

எடுத்ததுமே தெரிந்துவிட்டது.
நம் எலும்புக்குள் தேன்கூடு போல ஓட்டைகள்,
இரத்தம் அங்கேதான் ஊறும்.
இது முழுக்கக் கல்.
கடற்புல் மேயத் தரைதட்டி நிற்க
உடம்போடு கட்டிக்கொண்ட பாரம்.
ஆவுளியா.

இருபத்தொரு வருஷம்.
முதல் வருஷம்
மண்டையோடுகள் இருக்கும் அறையிலேயே
சோறு தின்னப் பழகினேன்.
தொடையெலும்பு உயரம் சொல்லும்,
இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று.
கணுக்காலில் ஒரு சின்னத் தேய்மானம்:
குத்தவைத்தே வலை பார்த்த ஆள்.
வாசலில் நிற்பவரிடம் எப்படிச் சொல்வது என்று
யாரும் பாடம் எடுக்கவில்லை.

வாசலில் சந்தியாகம்மாள்.
பத்து நாளைக்கு முன்னே
இந்த ஒன்பதையும் பார்த்துத்தான்
தாலியைக் கழற்றியிருந்தாள்.
கழுத்தைச் சுற்றி வெளிறிய கோடு
இன்னும் வெயிலுக்குப் பழகவில்லை.

“இது இன்னாசி இல்லம்மா. ஆவுளியா.
மனுச விலா இப்படிக் கனக்காது.”
நம்பாமல் ஒன்றை வாங்கி
உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.
சிரித்தாள். முதலில் சிரித்தாள்.
“பத்து நாளா இதுக்கா மாரடிச்சேன்?”

பிறகு குரலை இறக்கி,
ஏட்டு வருகிறாரா என்று திரும்பிப் பார்த்து:
“ஆளுன்னே எழுதிடுங்களேன்.
எலும்பு இல்லாட்டி ஏழு வருசம் ஆகுமாம்.
லோன்காரன் ஏழு நாள் பொறுக்க மாட்டான்.
அது என்ன,
எந்திரிச்சு வந்து இல்லைன்னா சொல்லப்போவுது?”

சொல்லாது.
இந்த மேசையில் கிடந்தவர் எவரும்
நான் எழுதியதை மறுத்ததில்லை.
பேனா மூடியைத் திறந்தேன்,
மூடினேன்,
திறந்தேன்.

‘மனிதருடையவை அல்ல.’
தேதி. முத்திரை.

அவள் திட்டவில்லை.
பெட்டியை மட்டும் கேட்டாள்.
கொழுந்தனுடையதாம், திருப்பித் தரணுமாம்.
கழுவிக் கொடுத்தேன்.
சாயல்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தபடி
அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

வனத்துறை வந்து எடுத்துப்போகும் வரை
விலாக்கள் என் அலமாரியில் இருந்தன,
பெயர் கிடைக்காத நால்வருக்குக் கீழ்த்தட்டில்.

நாலு வருஷம் ஆகிறது.
நரிப்பையூர், வாலிநோக்கம், எந்தக் கரையிலாவது
வலையில் ஏதோ ஏறியதென்று கேள்விப்பட்டால்
எனக்கு முந்தி அவளுக்குத் தெரிந்துவிடும்.
போன் வரும்.
பின்னால் காற்று இரைச்சல், ஏலக் கூச்சல்.
சௌக்கியம் எல்லாம் விசாரிப்பதில்லை.

“கனக்குதா?”