காது இலக்கம்

மூன்று நாளும் அடித்தது காற்றுத்தான்.
மழை அதன் கையிலிருந்த துவரங்கம்பு.
நாலாம் நாள் விடிய
வவுனிக்குளத்து அலைகரையில்
பட்டி நின்றது நின்றபடி.
கிட்டப் போகத்தான் தெரிந்தது:
பாதி நின்றவை,
பாதி
விழ இடமில்லாமல் சாய்ந்திருந்தவை.

நாற்பத்து மூன்று.

குளிருக்கு மாடு சாகுமோ என்று
மல்லாவிச் சந்தியில் கேட்டார்கள்.
நானும் கேட்டேன், வேலும்மயிலிடம்.
அவன் உரப்பையால் போர்த்திய கன்றொன்றின்
மூக்கில் ஊதிக்கொண்டிருந்தான்.
அவனுக்கு எண்ணத் தெரியாது.
பின்னேரங்களில் பெயர் சொல்லித்தான் பட்டி அடைப்பான்:
சுட்டி, மறைச்சி, கூழைக்கொம்பி, சிவலை,
சிவலையின் மகள், அவளின் மகள்.
அன்றைக்குப் பாதியில் நிறுத்திவிட்டான்.

வாகீசன் தம்பி வந்தார்,
மோட்டார் சைக்கிளைச் சேற்றில் விட்டுவிட்டு
முழங்கால் தண்ணீரில் நடந்து.
"காதில வில்லை இருந்தாத்தான் அக்கா காசு.
சுற்றுநிருபம் அப்படி."
வில்லை போட்டவை இருபத்தாறு.
மிச்சம் பதினேழும்
காட்டில் பிறந்து காட்டில் மேய்ந்து
அரசாங்கத்துக்குத் தெரியாமலே செத்தவை.

படிவத்தில் ஒரு கட்டம்:
இதற்கு முன்னர் இழப்பீடு பெற்றுள்ளீரா?
இல்லை என்று எழுதினேன்.
இதற்கு முன்னர் இழந்தீரா என்று
கட்டம் இல்லை.
இருந்திருந்தால்
நூற்றுப் பத்து என்று எழுதியிருப்பேன்.
கடப்பைத் திறந்து,
முதுகில் தட்டிப் போங்கோ என்று சொல்லி,
நாங்கள் கிழக்கே நடந்த மாதத்தையும்
எழுதியிருப்பேன்.

பெக்கோ வந்து கிடங்கு வெட்ட முன்
காதை வெட்ட வேண்டும், அத்தாட்சிக்கு.
வேலும்மயில்தான் வெட்டினான்.
பால்மாப் பேணிக்குள்
உப்புப் போட்டு இருபத்தாறு காது,
ஒவ்வொன்றிலும் மஞ்சள் வில்லை, கறுப்பு இலக்கம்.
இருட்டினபின் ஒருவர் வந்தார்.
பெயர் வேண்டாம்.
நாலு வில்லை தாங்கோ, வாறதில் பாதி உங்களுக்கு என்றார்.
மாட்டேன் என்றேன்.
நேர்மையென்று நினையாதேயுங்கோ.
கணக்குப் பிசகுமென்ற பயம்.

கணக்கு முதலே பிசகித்தான் இருந்தது.
அவனுக்குக் கூலி வருசத்துக்கு மூன்று கன்று.
ஆறு வருசம்.
என் பட்டியிலேயே நின்றன, என் பெயரிலேயே பதிந்தோம்,
அவனிடம் காணி உறுதி இல்லை,
உறுதி இல்லாமல் பட்டி பதிய முடியாது என்றார்கள் அப்போது.
அவற்றை அறிய
வில்லைக்குக் கீழே ஒரு சின்னக் கீறல் வைத்திருந்தான்.
இலக்கம் என்னுடையது.
கீறல் அவனுடையது.

மாசியில் கடிதம் வந்தது:
ஒரு குடும்பத்துக்குப் பத்து மாடு வரைக்கும்தான்.
பட்டியலின் முதல் பத்து இலக்கம்.
அந்தப் பத்தில் எத்தனை காதில் கீறல் என்று
நான் பார்க்கவில்லை.

பார்த்தேன்.
ஏழு.

வங்கிக்கு அவனும் வந்தான்.
மச்சானையாவது கூட்டி வருவான்,
ஒரு சொல்லாவது கொண்டு வருவான்
என்று இருந்தேன்.
கையில் புதுக்கயிறு.
"ஒட்டறுத்தகுளத்தில ஒரு சினைமாடு நிக்குதாம் அக்கா.
பட்டிக்கு நல்லது."
யாருடைய பட்டிக்கு என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காசை இரண்டு தரம் எண்ணினேன்.
பிறகு அவனிடம் நீட்டினேன், எண்ணிப் பார் என்று.
என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியும்.
கயிற்றைத் தோளில் போட்டுவிட்டு
ஒவ்வொரு தாளாகப் புரட்டினான்,
உதடு அசைய.
சுட்டி.
மறைச்சி.
கூழைக்கொம்பி.

அடுத்த ஆளுக்கு இடம் விடுங்கோ என்றாள்
காசாளர்ப் பிள்ளை.
ஒட்டறுத்தகுளத்து பஸ் இரண்டு மணிக்கு.
வெளியே வெயிலில் நின்றோம்.
காசு இன்னும் அவன் கையில்.