எண் ஏழு

செம்பனை ஆலையின் எடைமேடையில் என் வேலை.
குலை ஏற்றி வரும் லோரிக்கு ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை.
நடுவில் உள்ளதைச் சீட்டில் எழுதிக் கிழிப்பேன்.

ஆலைக்குப் பின்னால் ஓடுகிறது சுங்கை கெலிசா.
தே தாரேக் நிறம்; மழைக்கு மறுநாள் கோப்பி.
பதினெட்டு வருஷமாய் நான் பார்ப்பது
அதன் முதுகைத்தான் என்றாள் ஜெகதா,
கையுறைத் தொழிற்சாலைக்கு பஸ் ஓட்டுகிறவள்.
"மலைக்கு வா, மொகத்தக் காட்டுறேன்.
ராத்திரி தங்கக் கூடாரத்துக்குப் பதினைஞ்சு வெள்ளிதான்."

"காட்டுல படுக்கக் காசா?"
என் வீட்டுக்காரர் சிரித்தார்,
லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்ததற்கு
இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிற மனுஷன்.
சிரிக்கட்டும்.

கூடாரம் ஜெகதா மகனுடைய பள்ளிச் சாரணர் படைக்குச் சொந்தம்.
நீலத்துணி. வெள்ளைச் சாயத்தில் எண் ஏழு.
திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும்.
சாந்தரூபி ஒரு டின் நிறைய நெத்திலி சம்பல் கொண்டுவந்தாள்,
அரிசியை மறந்துவிட்டு.

பட்டணத்தின் கடைசி பெட்ரோல் நிலையம் தாண்டி
செம்பனை வரிசை முடிகிற இடத்தில்
ரோடு சட்டென்று குளிர்ந்தது.

தண்ணீருக்குள் என் கால் தெரிந்தது.
போன தீபாவளிக்குப் பூசிய நகச்சாயம்
சுண்டுவிரல் ஓரத்தில் ஒட்டியிருந்ததை
அன்றைக்குத்தான் கண்டேன்.
இதுவா அது? என்று மூன்று தரம் கேட்டேன்.
அதேதான், என்றாள் ஜெகதா,
தானே உற்பத்தி செய்தவள் போல.

சம்பலுக்கு மேகி. ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.
மூன்று பேர் படுத்தால் ஒருத்தியின் முழங்கால்
துணிக்கு வெளியே நிற்கும் கூடாரம்.
நாங்கள் இருவரும் உறங்கினோம்.
சாந்தரூபிக்கு முடியாது.
பதினோரு வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்த உடம்பு
இருட்டினால் விழித்துக்கொள்ளும்.

மூன்று மணி இருக்கும், காலை உலுக்கினாள்.
"சத்தம் மாறிருச்சு."
என்ன சத்தம்?
"மெஷின் கோளாறாகுறதுக்கு முன்னாடி அடித்தொண்டையில ஒண்ணு இழுக்கும்.
இது அப்படி இழுக்குது. எந்திரிங்கடி."

டார்ச்சு வெளிச்சத்தில்
ஆறு இலைகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது,
ஒன்றிரண்டல்ல, பாய் விரித்த மாதிரி.
செருப்பில்லாமல் மேட்டுக்கு ஓடினோம்.
பக்கத்துக் கூடாரத்துச் சீனத் தம்பதியை
ஜெகதா பஸ் நிறுத்துகிற குரலில் எழுப்பினாள்.
காவல்காரர் பா அலாங் விசில் ஊதியது அதற்குப் பிறகுதான்.

மேலே எங்கோ பெய்த மழை.
கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை.
முகம் பார்க்க வந்தவர்களுக்குத்
தலையே இறங்கி வந்தது,
கிளையும் வேருமாய் முடியை விரித்துக்கொண்டு,
நாங்கள் படுத்திருந்த இடத்தின் மேல்.

யாரும் அழவில்லை.
சாந்தரூபி கையில் சம்பல் டின் இருந்தது.
எப்போது எடுத்தாள், அவளுக்கே தெரியாது.

விடிந்ததும் தேடினோம். கிடைத்தது இரண்டு முளைக்கம்பி.
ஆறு, ஒன்றும் தெரியாதது போல்,
மறுபடி வெளுக்க ஆரம்பித்திருந்தது.
அடுத்த முறை மேட்டிலேயே போடுங்கள்
என்றார் பா அலாங்.
அடுத்த முறை என்ற சொல்லை
மூவரும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை, பசியாறும் நேரம்.
ஆலைக்குப் பின்னால் பாலத்துத் தூணில்
நீலமாய் ஏதோ சுற்றிக் கிடந்தது.
அலக்குக் கம்பால் இழுத்தேன்.
சேறு, சுள்ளி, ஒரு தடவை மூச்சு விட்ட குட்டி இறால்.
மடிப்பை விரித்தால்
எண் ஏழு.

தூக்கிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காதபோது,
எடைமேடையில் போட்டேன்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் அது பொருட்படுத்தாது.
பூஜ்ஜியம் காட்டியது.

பின்னால் லோரி ஹார்ன் அடித்தது.
"என்னக்கா ஏத்தியிருக்க?"

சாரணர் படை, என்றேன்.
ஓரமாய் இழுத்துப் போட்டுவிட்டு
அவன் எடையை எழுதினேன்.