அழவிடாத வருசம்

தை மாதம் டொக்டர் ஒரு கார்டின் பின்பக்கத்தில்
நாலு அறை கீறினார்.
நடுச்சுவரில் ஓட்டை,
வெளியே போகிற வாசல் ஒடுக்கம்.
பாலையூற்றில் நாங்கள் ஒற்றை அறைக்கே
வாடகை பிந்திக்கொண்டிருந்தோம்.
"இவளுக்கு மட்டும் நாலு" என்றார் நிரோஜன்
திரும்பி வரும் பஸ்ஸில். சிரிக்கத்தான் சொன்னார்.
நான் சிரித்தேனா, ஞாபகமில்லை.
யன்னலில் வாடைமழை.

மிதுர்ஷினிக்கு அப்போது நாலு மாதம்.
அழக்கூடாது என்றார்கள்.
அழுதால் உதடு நீலமாகும்,
பிறகு நகம், பிறகு கண்ணைச் சுற்றி.
முழங்காலை மடித்து நெஞ்சோடு சேர்த்துப்
பிடித்திருக்க வேணும், மூச்சு திரும்பும்வரை.
நேர்ஸ் ஒரு தலையணையில் செய்து காட்டினா.
தலையணை நல்ல பிள்ளை, அழவேயில்லை.

அழவிடாமல் பிள்ளை வளர்ப்பதென்றால்
பசிக்கு ஒரு நிமிசம் முந்த வேணும்.
குக்கர் விசிலுக்கு,
கிரவல் றோட்டில் ஹோர்ன் அடிக்கும் மீன்காரனுக்கு,
பக்கத்து வளவு நாய்க்கு,
நுளம்புக்கும் முந்த வேணும்.
முறைவைத்து நித்திரை கொண்டோம்.
சண்டைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்
மெல்லிய குரலில் பிடித்தோம்.
மெல்லிய குரலில் சண்டை பிடித்துப் பாருங்கள்,
எதற்கென்று பாதியில் மறந்துபோகும்.
சிலது மறக்கவில்லை.
அவருடைய தாய் சொன்ன ஒரு சொல்லு
இன்னும் வாளிக்குள் கிடக்கிறது.

ஒப்பரேசனுக்கு ஏழு கிலோ வேணும்.
மார்க்கெட்டில் நாள் முழுக்க
வெங்காயமும் பூசணியும் நிறுக்கிறவர்,
ஏழு கிலோவை ஒற்றைக் கையால் தூக்கி வைப்பார்.
பங்குனியில் ஐந்தே கால்.
சித்திரையிலும் அதே ஐந்தே கால்.
வைகாசியில் ஓர் இரவு, கடை பூட்டினபிறகு,
நசூர்தீன் நானா தராசைத் துடைத்து
வாழையிலை விரித்தார்.
தட்டில் இருந்தபடி அவள்
கெக்கரிக்காய்களைப் பார்த்துச் சிரித்தாள்.
ஐந்து கிலோ அறுநூற்று இருபது.
இலையின் பாரத்தைக் கழிக்க வேண்டாமென்றார் நானா.

ஆனியில் கச்சான் காற்று.
கதவு அடித்தால் திடுக்கிடுவாள் என்று
இடுக்கில் ஒரு பழைய செருப்பு.
நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வந்திறங்கும் காலம்.
நீலத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் வருகிறார்கள்.
நான் கடற்கரைப் பக்கம் போவதை நிறுத்தினேன்.
யாரோ தந்த நீலச் சட்டை
மடித்தபடியே பெட்டிக்கு அடியில்.

ஆவணியில் திகதி தந்தார்கள்.
கொழும்புக்கு இரவு பஸ்.
ஸ்டாண்டில் மான்கள் ரிக்கெட் துண்டுகளை மேய்ந்தன,
ஒன்று அவளுடைய காலுறையை மோந்து பார்த்தது.
ஹபரணைக் காட்டில் யானைக்காகப் பஸ் நின்றது.
விடிய வோட்டில், சளி இருக்கிறதென்று
திருப்பி அனுப்பினார்கள்.
மறுபடி அதே காடு. யானை இல்லை.

ஐப்பசியில் கொண்டுபோனார்கள்.
ஐந்தரை மணித்தியாலம்.
அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.
படிக்கட்டில் ஒரு சிங்களப் பெண்
பாதிச் சீனிப் பணிஸை என் கையில் திணித்தாள்.
தின்றேன். சீனி பல்லில் நெறுநெறுத்தது.
அது மட்டும் தெரியும்.

ஓட்டையை மூடியிருக்கிறார்கள்.
வாசலை அகட்டியிருக்கிறார்கள்.
கதவு ஒன்று கொஞ்சம் ஒழுகுமாம்,
வருசாவருசம் காட்ட வேணுமாம்,
வளர்ந்தபின் இன்னொருமுறை திறக்கவும் கூடுமாம்.
எங்களுக்கு ஒழுகாத வீடு
எப்போது கிடைத்தது.

மார்கழி. மழை விட்ட ஒரு பின்னேரம்
சீப்பைப் பறித்ததற்கு அழத் தொடங்கினாள்.
பழக்கத்தில் இரண்டுபேரும் பாய்ந்தோம்
முழங்காலைத் தேடி.
பிறகு நின்றுவிட்டோம்.
உதடு சிவப்பு. காது சிவப்பு.
தொண்டை திறந்து, கூரைத் தகரம் அதிர,
இப்படியொரு குரலா இவளுக்குள் இருந்தது?
பக்கத்து வளவு செல்வமலர் அக்கா
மதிலுக்கு மேலால் எட்டி
"என்ன, பிள்ளையை அழவிட்டுப்
பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றா.
சீப்பு என் கையில்தான் இருந்தது.
கொடுக்கவில்லை,
இன்னும் கொஞ்சநேரம்.