மூன்றடி தூரம்

இருபத்திரண்டாயிரம் சட்டை.
கடல்நீலம் கேட்டார்கள்.
நாங்கள் அனுப்பியது, அவர்கள் கணக்கில்,
கடல்நீலத்துக்கு அரை ஷேடு தள்ளி.
தூத்துக்குடி வரை போன பெட்டி
திருப்பூருக்கே திரும்பி வந்தது.
ஒப்புதல் தாளின் அடியில் என் கையெழுத்து.
அன்றைக்கென்று பார்த்துச் சுருக்காமல் போட்டிருந்தேன்,
பூங்கோதை என்று முழுசாக.

"சித்தெ பொறுங்க அம்மிணி, பேசிக்கலாம்"
என்றார் முதலாளி.
பேசவில்லை.
திங்கட்கிழமை வெடியால போனால்
என் நாற்காலியில் அவர் மச்சினன் மகன்,
என் கால்குலேட்டரில் ஏதோ தட்டிக்கொண்டு.

மாடியில் மெர்ச்சண்டைசர் அறையிலிருந்து
கீழே செக்கிங் மேசைக்குப் பதினேழு படி.
எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
பதினோரு வருசமாய் எண்ணுவதுதான் பொழப்பு.

அந்த மாதம் எல்லாமே
மூக்குக்கு நேரே வந்து நின்றது.
பல்லடம் பஸ்ஸில் பின்சீட்டுச் சிரிப்பு
என்னைப் பற்றித்தான்.
ஒறம்பரை வந்த நங்கையா
"ஏனுங், இன்னும் மாடியிலதானே?" என்று கேட்க
அடுக்களைக்குள் போய்த் தேங்காய் துருவினேன்,
மூன்று வீட்டுச் சட்னிக்கு ஆகும் அளவு.

மேசையிலும் அதே கதை.
துணியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால்
எந்தச் சட்டை தப்பும்?
ஒரு நூல் முடிச்சு, ஓர் ஊசித் தடம்,
கழுத்துப் பட்டியில் அரை மில்லி கோணல்:
தள்ளு, தள்ளு, தள்ளு.
மதியத்துக்குள் என் பக்கம் ஒரு குன்று.
லைன் சூப்பர்வைசர் கத்திவிட்டுப் போனார்.
எதிர் மேசை சஸ்மிதா, ஒடிசாக்காரி,
கையிலிருந்த கத்தரியைக் கீழே வைக்காமல்
முகவாயால் சுவரைக் காட்டினாள்.

எண்ணெய் படிந்த அட்டை. என் எழுத்து.
ஏழு வருசம் முன்னால் நானே ஒட்டியது:
"உருப்படியை மூன்றடி தள்ளி வைத்துப் பார்க்கவும்.
மூன்றடியில் தெரியாதது சிறு குறை."
அவளுக்குத் தமிழ் படிக்க வராது.
அதில் என்ன இருக்கிறதென்று மட்டும் தெரியும்.

மூன்றடி ஒன்றும் பெரிய தூரமில்லை.
நீட்டிய கை, அப்புறம் அரை எட்டு.
ராத்திரி வீட்டில் வைத்துப் பார்த்தேன்.
மச்சினன் மகனின் முகம் தெரியவில்லை.
பின்சீட்டுச் சிரிப்பு தெரியவில்லை.
நங்கையா கொஞ்சம் தெரிந்தாள்.
மகளின் பாலிடெக்னிக் ஃபீஸ்
முப்பதடியிலும் தெரிந்தது;
அது பெருங்குறை, அதை மறைத்துப் பேச மாட்டேன்.
ஸ்கூட்டி தவணையும் அப்படியே.
கையெழுத்து?
நீட்டிப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன்.
தப்பு என்னுடையதுதான், பாதி.
மீதிப் பாதி சாயப்பட்டறையுடையது.
அந்தப் பாதியை யாரும் படி இறக்கவில்லை.
இதைச் சொல்லும்போது
இன்னும் தொண்டை காந்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டை.
தார்ப்பாய் மேல் குவியலாய் என் நீலம்.
லேபிளில் கம்பெனிப் பெயரைக் கத்தரித்திருந்தார்கள்,
நகக்கண் அளவு மிச்சம்.
"நூறு ரூபா, மூணு எடுத்தா எரநூத்தம்பது."
கடை டியூப்லைட்டில் அவர்கள் சொன்ன நிறம்.
வெயிலுக்குக் கொண்டுவந்தால் நான் பார்த்த நிறம்.
இரண்டும் பொய்யில்லை.

பக்கத்தில் ஊத்துக்குளிப் பையன்கள்,
கபடி டீமாம், ஏழு சட்டை வேண்டுமாம்.
புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு
ஒருத்தன் சொன்னான்:
"டேய், ஏழும் அச்சா ஒரே கலருடா!"

திரும்பிக்கொண்டேன்.
நான் சிரித்தது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நானும் ஒன்று வாங்கினேன்.
எதற்கென்று தெரியவில்லை, பேரம்கூடப் பேசவில்லை.
ராத்திரி வாளியில் ஊறப்போட்டேன்,
உப்புப் போடாமல், சோப்புப் போடாமல்,
வெறும் தண்ணீரில்.
வெடியால பல்கூட விளக்காமல்
போய்ப் பார்த்தேன்.

வாளியின் அடி தெரிந்தது.